டல்சி மலைக்கடியில் ஏலியன் தளமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், டல்சி என்ற சிற்றூரையொட்டிய மலைக்கு அடியில் வேற்றுக்கிரகவாசிகளும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து ரகசியத் தளம் நடத்துவதாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கதை சுற்றிவருகிறது. கதை எங்கே முளைத்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் அதில் நசுங்கினார்கள் என்பதெல்லாம் இன்று பெரும்பாலும் தெரிந்த விஷயம். ஆனால் பகிரப்படும் வீடியோக்களில் அந்தப் பகுதி மட்டும் வருவதே இல்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

கதை சரியாக என்னதான் சொல்கிறது?

ஆர்ச்சுலேட்டா மேசா என்ற, உச்சி தட்டையான மலைக்கு அடியில் ஏழு தளங்கள், அதாவது ஏழு மாடிகள், கீழ்நோக்கி இருக்கின்றனவாம். மேல் தளங்களில் மனித ஊழியர்கள், கீழே போகப் போகச் சாம்பல் நிற ஏலியன்களும் பல்லி முக ஏலியன்களும். ஆறாவது தளத்தில் மனிதர்களை வைத்து மரபணுச் சோதனை. தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொண்டு ஆட்களைக் கடத்தவிடுவது என்று அரசு ஒப்பந்தம் போட்டதாம். 1979-ல் இரு தரப்புக்கும் சண்டை மூண்டு 66 பேர் இறந்தார்களாம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும் இந்த எலும்புக்கூடு மாறாது. இதில் எந்த ஒன்றுக்கும் ஒரு புகைப்படமோ ஆவணமோ உடலோ இன்றுவரை வெளிவரவில்லை.

டல்சி எப்படிப்பட்ட ஊர்?

கொலராடோ எல்லையை ஒட்டியது, மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஹிகாரியா அப்பாச்சி பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதிக்கு இதுதான் தலைமையிடம். சுற்றிலும் காடு, மேய்ச்சல் நிலம், எரிவாயுக் கிணறுகள். கதையைப் பரப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் அல்லர். இதைக் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்னது யார்?

பால் பென்னவிட்ஸ். டல்சியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்கும் ஆல்பகர்க்கி நகரத்தில், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிகள் செய்யும் தண்டர் சயின்டிஃபிக் என்ற நிறுவனத்தை நடத்தியவர். நிறுவனமும் வீடும் கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தின் பக்கத்திலேயே. அந்தத் தளத்தை ஒட்டிய மன்சானோ மலைக்குள் அப்போது அணு ஆயுதங்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

1979 வாக்கில் அந்தப் பக்கம் விநோதமான வெளிச்சங்களைப் பார்க்கத் தொடங்கினார். கேமராவில் பதிவு செய்தார். ஆன்டெனா வைத்து ரேடியோ அலைகளைப் பிடித்தார். மின்னணுவியல் தெரிந்தவர் என்பதால் அலைகளை அவர் பிடித்தார் என்பதில் சந்தேகமில்லை. அவை ஏலியன்களின் பேச்சு என்று முடிவு கட்டியதில்தான் வழி தவறியது. கிடைத்த துடிப்புகளைக் கணினியில் ஏற்றி, எந்தத் துடிப்புக்கு எந்தச் சொல் என்று தானே ஒரு முறையை வகுத்தார். வகுத்த முறை வாக்கியங்களைக் கொடுத்தது. எந்த இரைச்சலை ஊட்டினாலும் ஏதோ ஒரு வாக்கியம் வரும்படியான முறை அது என்பதைச் சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

1980-ல் இன்னொன்று சேர்ந்துகொண்டது. தான் ஏலியன்களால் கடத்தப்பட்டதாக நம்பிய ஒரு பெண், ஹிப்னாடிசத்தின் கீழ், நிலத்தடி அறை ஒன்றில் தொட்டிகளில் உடல் உறுப்புகள் மிதந்ததாகச் சொன்னார். ஹிப்னாடிசத்தில் வருவதை நினைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேட்பவர் எதிர்பார்ப்பதையே மனம் காட்சியாக உருவாக்கித் தரும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். பென்னவிட்ஸ் அதை நேரில் கண்ட சாட்சியமாகவே எடுத்துக்கொண்டார். அந்த அறை எங்கே என்று தேடியவரின் பார்வை, மாடுகள் மர்மமாகச் செத்துக் கிடந்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்த டல்சி பக்கம் திரும்பியது. கண்டுபிடித்ததையெல்லாம் ‘ப்ராஜெக்ட் பீட்டா’ என்ற அறிக்கையாக எழுதினார்.

அரசு ஆட்களே அவருக்குப் பொய் ஊட்டினார்கள் என்பது நிஜமா?

நிஜம். டல்சி கதையில் உறுதியாக நிரூபணமான சதி என்றால் அது இதுதான்.

பென்னவிட்ஸ் தான் பதிவு செய்ததையெல்லாம் ஒளிக்கவில்லை. நல்ல குடிமகனாக 1980-ல் விமானப்படையிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். விமானப்படையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ரிச்சர்ட் டோட்டி அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பார்த்தவர், “நீங்கள் பிடித்தது எங்கள் சமாச்சாரம், இத்தோடு விட்டுவிடுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, ஏலியன் நம்பிக்கையை அப்படியே ஊக்குவித்தார்கள். பொய்த் தகவல்கள் அவருக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு வெளியிலிருந்து ஒருவரையும் பயன்படுத்தினார்கள். பறக்கும் தட்டு ஆய்வாளர்களிடையே பெயர் பெற்றிருந்த எழுத்தாளர் வில்லியம் மூர்தான் அவர். பென்னவிட்ஸ் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று உளவுப் பிரிவுக்குச் சொல்லிவந்தார். அதற்குக் கைமாறாக, பறக்கும் தட்டுகளைப் பற்றிய உண்மையான ரகசியம் ஏதாவது தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்.

1989 ஜூலை 1 அன்று, லாஸ் வேகஸில் நடந்த மியூஃபான் என்ற பறக்கும் தட்டு ஆர்வலர் அமைப்பின் மாநாட்டு மேடையில் மூரே இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. டோட்டியும் ஓய்வு பெற்ற பிறகு, பென்னவிட்ஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததைப் பேட்டிகளில் தன் வாயாலேயே சொன்னார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பென்னவிட்ஸ் என்ன ஆனார் என்பது யாரும் வீடியோ போடாத பகுதி. தூக்கம் போனது. ஏலியன்கள் இரவில் வீட்டுக்குள் வந்து தனக்கு ஊசி போடுவதாக நம்பினார். வீட்டில் கத்தியும் துப்பாக்கியும் சேர்ந்தன. 1988-ல் குடும்பத்தார் அவரை மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2003-ல் இறந்தார். ஒருவர் கண்ணெதிரே சிதைந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே அவருக்கு மேலும் மேலும் பொய் சொன்னது மன்னிக்கத்தக்க செயலாக எனக்குத் தோன்றவில்லை. ‘டல்சி’ என்று தேடினால் முதலில் வர வேண்டியது இவருடைய கதைதான்.

அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் என்ன?

கர்ட்லண்டில் உண்மையாகவே ரகசியங்கள் இருந்தன. அணு ஆயுதக் கிடங்கு, லேசர் ஆராய்ச்சி, ஆயுதச் சோதனைகள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆன்டெனா வைத்து அலைகளைப் பிடித்து, பிடித்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் உளவுப் பிரிவுக்குக் கவலை வருவது இயல்பு. அவர் சொல்வதில் ஏலியனும் கலந்திருந்தால், உண்மையான பகுதியையும் சேர்த்து யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர் கவனம் தூரத்து டல்சி மலைமேல் இருக்கும்வரை, பக்கத்து மன்சானோ மலைமேல் இருக்காது. இந்தக் கணக்கு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

செத்துக் கிடந்த மாடுகள்? அவை பொய்யில்லையே?

மாடுகள் செத்தது உண்மை. 1970-களில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கண், நாக்கு, மடி, பிறப்புறுப்பு ஆகியவை மட்டும் ‘கத்தியால் அறுத்தது போல’ நீக்கப்பட்ட மாடுகள் கிடந்ததாகச் செய்திகள் வந்தன. டல்சியில் மாநிலக் காவல் அதிகாரி கேப் வால்டெஸ் பல ஆண்டுகள் இவற்றை விசாரித்தார். மாட்டை இழந்த பண்ணைக்காரர்களுக்கு அது பணம், உழைப்பு, பயம் எல்லாம் சேர்ந்த இழப்பு. அவர்கள் ஆத்திரப்பட்டதில் வியப்பில்லை.

நியூ மெக்சிகோவின் அன்றைய செனட்டர் ஹாரிசன் ஷ்மிட், அப்பல்லோ 17-ல் நிலவுக்குப் போய்வந்த நிலவியலாளர். அவர் 1979 ஏப்ரலில் ஆல்பகர்க்கியில் இதற்கென ஒரு பொது விசாரணைக் கூட்டத்தைக் கூட்டினார். தொடர்ந்து, ஓய்வு பெற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் ராமெல் தலைமையில் மத்திய அரசின் நிதியோடு விசாரணை நடந்தது. 1980-ல் வந்த அவருடைய அறிக்கை ஏறத்தாழ முந்நூறு பக்கம். அவர் கண்ட முடிவு: இயற்கையாக இறந்த மாடுகளைப் பிணந்தின்னிகள் தின்றிருக்கின்றன.

இதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள், செத்த மாட்டுக்கு என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தடித்த தோலைக் கிழிக்கச் சிறிய விலங்குகளாலும் பறவைகளாலும் முடியாது. ஆகவே மெல்லிய இடங்களில் ஆரம்பிக்கும்: கண், உதடு, நாக்கு, மடி, குதம். ஈக்கள் முட்டையிடுவதும் அதே இடங்களில்தான். இதயம் நின்றதும் ரத்தம் உடலின் அடிப்பக்கம் இறங்கி உறைந்துவிடும். அதனால் மேலே ஏற்பட்ட காயத்தில் ரத்தம் இருக்காது. உள்ளே வாயு சேர்ந்து வயிறு ஊதும்போது தோல் இழுபட்டு, கடித்த விளிம்பு நேர்கோடாகப் பிளக்கும். காய்ந்தபின் அது கத்தி வெட்டு போலவே தெரியும். 1979-ல் அர்கன்சா மாநிலத்தின் வாஷிங்டன் மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் இதைச் சோதித்தே பார்த்தது. செத்த மாடு ஒன்றை 48 மணி நேரம் வயலில் விட்டுக் காவல் இருந்தார்கள். வாயுவும் ஈக்களும் புழுக்களும் சேர்ந்து, ‘மர்மமாக அறுக்கப்பட்ட’ மாடுகளில் கண்ட அதே காயங்களை உண்டாக்கியிருந்தன.

எல்லோரும் ராமெல் அறிக்கையை ஏற்கவில்லை. வால்டெஸ் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய சந்தேகம் அரசின் மீதுதான் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பின்னணி உண்டு, கீழே வருகிறது.

1979 சண்டையில் உயிர் தப்பியவர் ஒருவர் பேசியிருக்கிறாரே?

ஃபில் ஷ்னைடரைச் சொல்கிறீர்கள். தான் சுரங்கப் பொறியாளர் என்றும், டல்சியில் துளை போட்டபோது ஏலியன்களோடு மோதியதாகவும், 66 பேர் இறந்ததாகவும், தப்பிய மிகச் சிலரில் தான் ஒருவர் என்றும் மேடை மேடையாகப் பேசினார். மார்பில் தழும்பைக் காட்டினார். பேச்சு உருக்கமானது, கேட்டவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஷ்னைடர் இதைப் பேசியது 1995-ல். அதே 66 என்ற எண்ணிக்கை, அதே 1979, அதே டல்சி மோதல், 1987 டிசம்பரில் விமானி ஜான் லியர் வெளியிட்ட நீண்ட அறிக்கையிலேயே இருக்கிறது. அதாவது சாட்சி வருவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ‘சாட்சியம்’ ஊர் சுற்றிவிட்டது. அந்த அறிக்கையைப் படித்த யாரும் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியும். படிக்காதவருக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு விவரமாவது ஷ்னைடரின் பேச்சில் இருந்து, அது பின்னர் சரிபார்க்கப்பட்டதா என்றால், இல்லை.

1996 ஜனவரியில் ஷ்னைடர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். அதிகாரிகள் தற்கொலை என்று முடிவு செய்தார்கள். ஆதரவாளர்கள் வாயை அடைக்கச் செய்த கொலை என்கிறார்கள். ஒருவரின் சாவை அவர் சொன்ன கதைக்கு ஆதாரமாக்குவது அவருக்கும் நியாயம் செய்வதாகாது.

எத்தனையோ பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள். எல்லோருமா பொய் சொல்வார்கள்?

பலர் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார்கள். கிளைகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் வேர் ஒரே இடத்தில் முடிகிறது. பென்னவிட்ஸ் எழுதியதும் பேசியதும் ஆர்வலர் வட்டத்தில் கைமாறின. 1987 இறுதியில் லியரின் அறிக்கை, தொலைபேசி இணைப்பில் இயங்கிய அந்தக் காலத்துக் கணினித் தகவல் பலகைகளில் ஏறியது. அவர் லியர்ஜெட் என்ற விமானத்தை உருவாக்கியவரின் மகன், பல வகை விமானங்களை ஓட்டியவர் என்பதால் அவர் வார்த்தைக்கு மரியாதை இருந்தது. அதே சமயத்தில் ‘டல்சி பேப்பர்ஸ்’ என்ற பெயரில், எழுதியவர் யாரென்று தெரியாத ஓவியங்களும் குறிப்புகளும் ஜெராக்ஸ் பிரதிகளாகப் பரவின. அவை ‘தாமஸ்’ என்ற, தளத்தின் பாதுகாப்பு அதிகாரி உள்ளிருந்து கடத்திவந்தவை என்றார்கள். அப்படி ஒருவர் இருந்ததற்கான சான்றை யாரும் காட்டியதில்லை. 1989-ல் சதிக் கோட்பாட்டாளர் வில்லியம் கூப்பர் இதையே இன்னும் பெரிய உலக அரசாங்கச் சதிக்குள் கோத்தார். பிறகு நள்ளிரவு வானொலி, வீடியோ கேசட், இணையதளங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், இப்போது மொபைல் திரை.

ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று உதிர்கிறது: ‘இதை நான் இன்னாரிடம் கேட்டேன்’ என்ற வரி. அந்த வரி போனதும், ஒரே வாய்ச்சொல்லின் பத்துப் பிரதிகள் பத்துத் தனித்தனிச் சாட்சிகளாகத் தோற்றம் கொடுக்கின்றன. டல்சி கதையின் வலு முழுக்க இதில்தான் இருக்கிறது. மூரின் ஒப்புதல் வாக்குமூலம் வந்தபோதும் கதை நிற்காததற்குக் காரணமும் இதுவே. அதற்குள் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குப் பென்னவிட்ஸ் யாரென்றே தெரியாது.

மலைக்கடியில் ரகசியமாகத் தளம் கட்ட முடியாதா என்ன?

கட்ட முடியும். ரகசியமாக முடியாது. பக்கத்து மாநிலமான கொலராடோவில் ஷயென் மலைக்குள், அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு மையத்துக்காகக் குடைந்த வளாகம் உண்மையாகவே இருக்கிறது. 1961-ல் குடையத் தொடங்கி, 1966-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மொத்தப் பரப்பு சுமார் ஐந்து ஏக்கர்தான். அதற்கே ஏறத்தாழ 6,93,000 டன் கிரானைட்டை வெட்டி வெளியே கொட்டினார்கள். அது இருக்கும் இடம் முதல் நாளிலிருந்தே ஊரறிந்தது.

டல்சியில் சொல்லப்படுவது ஏழு தளம், ஆயிரக்கணக்கான ஊழியர்கள், மற்ற மாநிலங்களுக்கு நீளும் சுரங்க ரயில். வெட்டிய பாறை எங்கே? லாரிகள் எந்தச் சாலையில் போயின? மின்கம்பி, தண்ணீர், காற்றுக் குழாய்? நிலத்தடியில் அத்தனை இயந்திரங்கள் ஓடினால் வெளிவரும் வெப்பம்? இரண்டு மூன்று சாலைகளும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஜனங்களும் உள்ள ஊரில் இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அப்படியானால் அங்கே நிலத்தடியில் எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. ஒரு அணுகுண்டு வெடித்தது.

1967 டிசம்பர் 10 அன்று, டல்சியிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், 4,200 அடிக்கும் அதிகமான ஆழத்தில், 29 கிலோ டன் திறனுள்ள அணு வெடிபொருளை அமெரிக்க அரசு வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெயர் ‘ப்ராஜெக்ட் காஸ்பக்கி’. அணு வெடிப்பை ஆக்கப் பணிகளுக்குப் பயன்படுத்தும் ‘ப்ளோஷேர்’ திட்டத்தின் பகுதி. எரிவாயு நிறுவனம் ஒன்றும் பங்குதாரர். இறுகிய பாறையை நொறுக்கினால் உள்ளே சிக்கிய எரிவாயு சுலபமாக வெளிவரும் என்பது எண்ணம். எரிவாயு வந்தது. கதிரியக்கத்தோடு வந்ததால் விற்க முடியவில்லை. இருந்தும் கொலராடோவில் 1969-லும் 1973-லும் அதே மாதிரி மேலும் இரண்டு சோதனைகள் செய்த பிறகே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

காஸ்பக்கி ரகசியமே இல்லை. செய்தித்தாள்களில் வந்தது. வெடித்த இடத்தில் இன்றும் ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் அனுமதி இல்லாமல், 100 அடி ஆரத்துக்குள் 1,500 அடி ஆழம் வரை தோண்டக் கூடாது, துளை போடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

மாடுகளைக் கொன்று உறுப்புகளை எடுப்பவர்கள், கதிர்வீச்சு புல்லிலும் இறைச்சியிலும் ஏறியதா என்று ரகசியமாகச் சோதிக்கும் அரசு ஆட்கள்தான் என்ற சந்தேகம் இதிலிருந்துதான் பிறந்தது. அதற்கும் நிரூபணம் இல்லை. ஆனால் தன் காலடியில் அணுகுண்டு வெடித்ததை அறிந்த மக்களுக்கு அப்படித் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. ஏலியன் கதையால் ஏற்பட்ட பெரிய நஷ்டமே, இந்தக் கேள்விகளை அது ஓரம் கட்டிவிட்டதுதான்.

அரசு பொய் சொன்னது உண்மை என்றால், தளம் இல்லை என்று அரசு சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

அரசின் சொல்லை நம்பச் சொல்லவில்லை. என்ன பொய் சொன்னார்கள் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். பென்னவிட்ஸிடம் அவர்கள் சொன்ன பொய் ‘ஏலியன்கள் இருக்கிறார்கள்’ என்பது. அரசை நம்பாதவர் முதலில் நம்பக் கூடாதது அதைத்தான்.

இது ஒற்றை நிகழ்ச்சியும் அன்று. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கும் மேல் யூ-2 போன்ற தன் ரகசிய உளவு விமானங்களால் வந்தவை என்று 1997-ல் வெளியான சி.ஐ.ஏ.வின் வரலாற்றுக் கட்டுரை சொல்கிறது. அப்போது மக்களிடம் சொன்ன விளக்கமோ பனிப்படிகம், வெப்பநிலை மாற்றம் என்று இருந்தது. ரகசியத்தைக் காக்கப் பொய் விளக்கம் கொடுப்பது அங்கேயும் நடந்திருக்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரே குரலாக இல்லை. வானில் வெளிச்சம் பார்த்தோம் என்பவர்கள் உண்டு, மலைமேல் ஏதோ இருக்கிறது என்று நம்புபவர்களும் உண்டு, வெளியாட்களின் கற்பனை என்று தள்ளுபவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் சிலர் ஹிகாரியா மக்களின் பழங்கதைகளைப் பிய்த்தெடுத்து ‘பல்லி மனிதர்களுக்கு ஆதாரம்’ என்று வீடியோ போடுவது அநாகரிகம். அவை அந்த மக்களின் சமய மரபு.

போய்ப் பார்க்கலாமா?

ஊருக்குப் போகலாம். சுற்றியுள்ள மலைப்பகுதியில் பெரும்பகுதி பழங்குடி நிலம். அவர்களுடைய நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நுழைவது அத்துமீறல். ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன்பும் கேளுங்கள்.

புதிதாக ஒரு ‘உள்ளாள்’ வீடியோவில் வந்து பேசினால் எதைக் கவனிப்பது?

அவர் சொல்வதில் 1987 வாக்கிலேயே வெளிவந்த கதையில் இல்லாதது என்ன என்று பாருங்கள். ஏழு தளம், ஆறாம் தளத்துச் சோதனைகள், 66 பேர் என்று மட்டும் இருந்தால் அவர் லியரையும் டல்சி பேப்பர்ஸையும் படித்திருக்கிறார், அவ்வளவுதான். எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டில் வேலை பார்த்தார் என்று சொல்கிறாரா, அதை வேறு வழியில் சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள். பென்னவிட்ஸின் பெயரை ஒரு தடவையாவது சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சொன்னால், 1988-ல் அவருக்கு என்ன நடந்தது என்று பின்னூட்டத்தில் கேளுங்கள்.